பட்டா உழுமா?

அப்பாவுக்கு நிலம் இல்லையாம். அரசாங்கம் சொல்கிறது.

2025 ஆகஸ்டில் ஒரு சாயங்காலம், ஊரில் திண்ணையில் உட்கார்ந்து, போனில் பி.எம். கிசான் பக்கத்தைத் திறந்து, அப்பாவின் பதிவு எண்ணைத் தட்டி, வந்த ஓ.டி.பி.யையும் போட்டுப் பார்த்தேன். மூன்று வரி வந்தது. ஆதார் சரிபார்ப்பு, ஆம். வங்கிக் கணக்கில் ஆதார், ஆம். நில விவரம், இல்லை. ஆகஸ்டு 2-ந் தேதி வாரணாசியில் வைத்துப் பிரதமர் 20-வது தவணையை விட்டார். நாடு முழுக்க 9.7 கோடிப் பேருக்குப் போனது என்று டிவியில் சொன்னார்கள். அந்த 9.7 கோடியில் அப்பா இல்லை.

“நிலம் இல்லைங்கிறானா?” என்றார் அப்பா. அவர் நாற்காலியிலிருந்து பார்த்தால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் எங்கள் 5 மா தெரியும். “அப்ப அங்க கெடக்கிறது என்ன, கடலா?”

எங்கள் ஊர் வெண்ணாற்றுக் கடைமடை. இங்கே நிலத்தை மாவில்தான் சொல்வோம். 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. அதே நிலம் பத்திரத்தில் சென்ட் ஆகும், பட்டாவில் ஹெக்டேர் ஆகும். 5 மா என்பது பட்டாவில் பூச்சியம் புள்ளி அறுபத்தேழு. பூச்சியத்தில் தொடங்கும்போதே அப்பாவுக்குக் கோபம் வரும். இப்போது புள்ளியும் போய்ப் பூச்சியம் மட்டும் நின்றுவிட்டது.

தொகை பெரிதில்லை என்று எனக்கும் தெரியும். வருஷத்துக்கு 6000 ரூபாய், நாலு மாசத்துக்கு ஒரு தடவை 2000. 365 நாளுக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு 16 ரூபாய் சொச்சம். டீக்கடையில் ஒரு டீ குடித்தால் பஜ்ஜிக்குக் கடன் சொல்ல வேண்டும். 2018 டிசம்பர் முதல் கணக்கு வைத்து 2019 பிப்ரவரியில் தொடங்கிய திட்டம். அன்றைக்கும் 6000, இன்றைக்கும் 6000. அதற்குள் டீசல் விலையும் நடவுக்கூலியும் எங்கேயோ போய்விட்டன. சங்கிலி மிஷினைக் கூப்பிட்டால் ஒரு மணி நேர அறுப்புக்கே இந்த 2000 பற்றாது.

ஆனாலும் அப்பாவுக்கு அந்த 2000 வேறு கணக்கு. மகன் கொடுப்பது தவிர அவருக்கென்றே வருகிற ஒரே காசு அது. முட்டி வலி மாத்திரையை அதில்தான் வாங்குவார். “என் காசு” என்று சொல்லி வாங்குவார். அதனால்தான் அலைந்தேன்.

அலைந்தது நான் மட்டும் இல்லை. நான் வெளியூரில் ஓர் அச்சகத்தில் கணக்கு எழுதுகிறவன். பஸ்ஸில் வந்து இறங்கினால் ஊருக்குள் போக, தாலுகா ஆபீஸ் போக, திரும்பி வர வண்டி கிடையாது. ஊர் அண்ணன் ஒருவர்தான் ஒவ்வொரு முறையும் தன் டிவிஎஸ் ஃபிஃப்டியில் ஏற்றிக்கொண்டு போனார். புழுதி உழவு நேரம். இருந்தாலும் “வாங்க தம்பி, ஐயா வேலை” என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிடுவார்.

முதல் நடை இ-சேவை மையம். “நில விவரம் ஏறலை. விவசாய ஆபீஸ்ல கேளுங்க” என்றார்கள். விவசாய ஆபீஸில், “நாங்க அனுப்பிட்டோம், பட்டாவுல பேரு ஒத்துப்போகலைன்னு திரும்பி வந்திருக்கு, வி.ஏ.ஓ.வைப் பாருங்க” என்றார்கள். வி.ஏ.ஓ. மூன்று கிராமத்துக்குப் பொறுப்பு. நாங்கள் போன அன்று நான்காவது கிராமத்தில் இருந்தார். மறுநாள் பிடித்தோம். தங்கமான மனுஷர். உட்காரச் சொல்லி, கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். ஆதாரில் அப்பாவின் பெயர் ‘சாமி’ என்று முடிகிறது. பட்டாவில் ‘சுவாமி’.

அவ்வளவுதான். ஒரு சுவாமி, ஒரு சாமி. நடுவில் 5 மா நிலம் காணாமல் போய்விட்டது.

அந்த ‘சுவாமி’ எப்படி வந்தது என்பது ஒரு தனிக் கதை. 1980-ல் பரம்பரைக் கர்ணம், மணியம் முறை ஒழிந்தது. அந்தச் சமயத்தையொட்டித்தான், 1979-லிருந்து 1987 வரை, யு.டி.ஆர். என்று நிலப் பதிவேடுகளை எல்லாம் புதுப்பித்தார்கள். புதுப்பித்த கையோடு பல பேருடைய பெயரையும் புதுப்பித்துவிட்டார்கள். அண்ணன் நிலம் தம்பி பெயரில், இரண்டு மா இருந்த இடத்தில் ஒன்றரை, செத்துப்போன தாத்தா உயிரோடு. தமிழ்நாட்டில் எந்த ஊர் டீக்கடையிலும் “யு.டி.ஆர். தப்பு” என்று சொல்லிப் பாருங்கள், நாலு பேர் பெருமூச்சு விடுவார்கள். எங்களுக்கு வாய்த்தது சின்னத் தப்பு. எழுதியவருக்குப் பக்தி கொஞ்சம் அதிகம். அப்பாவைச் சுவாமி ஆக்கிவிட்டார்.

நாற்பது வருஷமாக அந்தச் சுவாமி யாருக்கும் தொந்தரவு தரவில்லை. வரி கட்டினோம், ரசீது கொடுத்தார்கள். சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கினோம். இதே பி.எம். கிசானில் பதினெட்டு, பத்தொன்பது தவணை வந்தது. மனிதர்கள் பார்த்தவரை சாமியும் சுவாமியும் ஒரே ஆள்தான். கம்ப்யூட்டர் பார்க்கத் தொடங்கியதும் இரண்டு பேராகிவிட்டார்கள்.

திருத்த வழி இருக்கிறது. இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று ஒரு சான்று, மூலப் பத்திரத்தின் நகல், மனு. மனுவுக்கு ஒரு எண் தருவார்கள். எண்ணை வைத்துப் பார்த்தால் ‘பரிசீலனையில்’ என்று வரும். செப்டம்பர் முழுக்கப் பரிசீலித்தார்கள். “சர்வர் இல்லை” என்று இரண்டு நாள் திரும்பி வந்தோம். மூன்றாவது நாள் சர்வர் இருந்தது, கையெழுத்துப் போடுகிறவர் கூட்டத்துக்குப் போயிருந்தார். ஜெராக்ஸ், பஸ், டிவிஎஸ்ஸுக்குப் பெட்ரோல், சேவைக் கட்டணம் என்று நான் குறித்துவைத்த செலவு 870 ரூபாய். என்னுடைய நாலு நாள் லீவு அதில் சேராது. 2000 ரூபாய்க்கு.

இடையில் பேங்க் கூத்து ஒன்று. நாம் விண்ணப்பத்தில் எந்தக் கணக்கு எண்ணை எழுதினாலும், பணம் போவது கடைசியாக எந்தக் கணக்கில் ஆதாரை இணைத்தோமோ அந்தக் கணக்குக்குத்தான். அப்பா எப்போதோ நகையை அடகு வைக்கப்போன இடத்தில் ஒரு புதுக் கணக்கு திறந்து, நீட்டிய தாளில் எல்லாம் கைநாட்டு வைத்திருக்கிறார். முந்தைய இரண்டு தவணை அங்கே போய்ச் சும்மா கிடந்தது. அது எங்களுக்குத் தெரியவே இல்லை. “புதையல் கிடைச்ச மாதிரி இருக்கு” என்றார் அண்ணன். நான் சிரிக்கவில்லை.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்று கேட்டால் எல்லா ஆபீஸிலும் ஒரே பதில்: “2020 ஞாபகம் இருக்கா?”

இருக்கிறது. கொரோனா ஊரடங்கு நேரம். கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி என்று பல மாவட்டங்களில் தகுதியே இல்லாத ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை இதே திட்டத்தில் விவசாயி என்று ஏற்றிவிட்டார்கள். ஆபீஸ் பாஸ்வேர்டு தனியார் கம்ப்யூட்டர் சென்டர்களின் கைக்குப் போயிருந்தது. போனது சுமார் 110 கோடி ரூபாய். சி.பி.சி.ஐ.டி. வந்தது, ஒப்பந்த ஊழியர்களும் புரோக்கர்களும் பிடிபட்டார்கள், கணக்குகளை முடக்கிப் பணத்தைத் திரும்ப எடுத்தார்கள். சரி, அது நடக்க வேண்டியதுதான். ஆனால் நொங்கு தின்னவன் போயிட்டான், நோண்டித் தின்னவன் மாட்டிக்கிட்டான் என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு. பாஸ்வேர்டு விற்றவர்களுக்காகப் பூட்டிய பூட்டு, அப்பாவின் வாசலில் தொங்குகிறது.

இத்தனையும் ஆத்திரத்தோடு சொல்லிக்கொண்டே வந்த என் வாயை அடைத்தது ஒரு நாள்.

விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் கொடுக்கிறார்கள், இனி எந்தச் சலுகைக்கும் அந்த எண் வேண்டும் என்று ஊரில் முகாம் போட்டிருந்தார்கள். பட்டா நகல், ஆதார், ஆதாரில் கொடுத்த போன் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நானும் அண்ணனும் போனோம். சங்கக் கட்டடத்துத் தாழ்வாரத்தில் ஒரு மேஜை, ஒரு லேப்டாப், சுறுசுறுப்பாக ஒரு பெண். தாள்களைப் புரட்டிவிட்டு நிமிர்ந்து கேட்டது:

“விவசாயி வந்திருக்காங்களா?”

எனக்குப் பக்கத்தில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். வயலிலிருந்து நேரே வந்தவர். கணுக்கால் வரை புழுதி, நகக்கண்ணில் மண், தோளில் துண்டு. நான் ஒரு கணமும் யோசிக்காமல் சொன்னேன்:

“இல்லம்மா, வீட்ல இருக்காரு. இதோ கூட்டிட்டு வரேன்.”

அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. வெளியே வந்து டிவிஎஸ்ஸை மிதித்தார். “ஏறுங்க தம்பி. விவசாயியைக் கூட்டியாருவோம்.”

சொல்ல மறந்துவிட்டேன். மறந்தேன் என்பதுதான் விஷயமே. அப்பா வயலில் இறங்கி எட்டு வருஷம் ஆகிறது. முட்டி போனதிலிருந்து அந்த 5 மாவையும் உழுது விதைத்து அறுப்பது இந்த அண்ணன்தான். மாவுக்கு 2 மூட்டை குத்தகை. எழுத்து கிடையாது, வாய்ப்பேச்சு. வருஷம் தவறாமல் தை கடைசியில் 10 மூட்டை நெல் எங்கள் வீட்டுக் கூடத்துக்கு வந்துவிடும். மழையில் போனால் “அடுத்த வருஷம் சேர்த்துத் தர்றேன்யா” என்பார், தந்தும் விடுவார்.

அன்று பின்சீட்டில் உட்கார்ந்து வரும்போதுதான் ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டேன்.

பி.எம். கிசான் விதிப்படி நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் பணம். முதலில் 2 ஹெக்டேர் வரை என்று இருந்ததை 2019 ஜூனிலேயே எடுத்துவிட்டார்கள். 50 ஏக்கர் வைத்திருந்தாலும் வாங்கலாம். வருமான வரி கட்டுகிறவர், அரசு வேலையில் இருக்கிறவர், மாசம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ பென்ஷன் வாங்குகிறவர், டாக்டர், வக்கீல் என்று யார் யாருக்குக் கூடாது என்பதற்குப் பட்டியல் இருக்கிறது. “நீ உழுகிறாயா?” என்ற ஒரு கேள்வி மட்டும் அதில் கிடையாது.

யார் யாருக்குப் பணம் போகிறது என்று கிராம வாரியாகப் பெயர்ப் பட்டியல் பி.எம். கிசான் இணையப் பக்கத்திலேயே இருக்கிறது, யாரும் பார்க்கலாம். எங்கள் ஊர்ப் பட்டியலை இறக்கிப் பார்த்தேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறவர் இருக்கிறார். சென்னையில் மகள் வீட்டோடு போய்விட்ட அத்தை இருக்கிறார். பொங்கலுக்கு மட்டும் வந்து குலதெய்வத்துக்குப் படைத்துவிட்டுப் போகிறவர்கள் நாலைந்து பேர். யாரும் திருடவில்லை. பட்டா அவர்கள் பெயரில், பணம் அவர்கள் கணக்கில், எல்லாம் விதிப்படி. ஆனால் ஆடிப்பட்டத்தில் எங்கள் ஊர் வயலில் நின்றால் கண்ணில் படுகிற முகங்களில் பாதி அந்தப் பட்டியலில் இல்லை. கோயில் நிலம் உழுகிறவர் இல்லை, வாரத்துக்குப் பார்க்கிறவர் இல்லை, எங்கள் அண்ணன் இல்லை.

இதில் வேடிக்கை, அரசாங்கத்துக்கு அண்ணனைத் தெரியாமல் இல்லை. வேண்டியபோது நன்றாகவே தெரியும். யூரியா மூட்டை 45 கிலோ, விலை 266 ரூபாய் 50 பைசா. அதை வாங்க ஆதார் எண் கொடுத்து மிஷினில் கட்டைவிரல் வைக்க வேண்டும். அந்த விற்பனை மிஷினில் ஏறினால்தான் உரக் கம்பெனிக்கு மத்திய அரசின் மானியம் கணக்காகும். களை பறித்துப் பறித்து ரேகை தேய்ந்த விரல். மூன்று தடவை துடைத்துத் துடைத்து அழுத்துவார். பச்சை விளக்கு எரிந்ததும் கம்பெனிக்கு மானியம் உறுதி. அவருக்குக் கிடைப்பது மூட்டையும், “யூரியா வேணும்னா இதையும் எடுத்துக்கணும்” என்று கடைக்காரர் தலையில் கட்டுகிற டானிக் பாட்டிலும். கம்பெனிக்கு மானியம் வாங்கித் தருகிற விரலுக்கு, சொந்தமாக 2000 ரூபாய் வாங்கத் தகுதி இல்லை.

நெல் விற்கப் போனாலும் இதே கதை. கொள்முதல் நிலையத்தில் சிட்டா அடங்கல் கேட்பார்கள். சிட்டா அப்பா பெயரில். அதனால் நெல்லும் அப்பாவுடையதாகிப் பணமும் அப்பா கணக்கில் விழும். அண்ணன் வந்து திண்ணையில் உட்கார்ந்து, “ஐயா, பேங்குக்கு எப்பப் போகலாம்?” என்று தயங்கித் தயங்கிக் கேட்பார். தன் நெல்லுக்குத் தானே கேட்டு நிற்பார். மழை நிவாரணம் வந்தாலும் அப்படித்தான். பயிர்க் காப்பீட்டில் குத்தகைக்காரரும் வாரதாரரும் சேரலாம் என்று விதியே இருக்கிறது. சேர வேண்டுமானால் சாகுபடி செய்வது இவர்தான் என்று ஒரு தாள் வேண்டும். அந்தத் தாளுக்கு நிலக்காரர் வாய் திறக்க வேண்டும்.

நிலக்காரர் என்றால் யார்? நாங்கள்தான்.

இந்த இடத்தில் அரசாங்கத்தைத் திட்டுவது எளிது. என் வீட்டைத் திட்டுவதுதான் கஷ்டம். ஒருநாள் அப்பாவிடம் கேட்டேன்: “அண்ணன் பேர்ல குத்தகைன்னு ஒரு பேப்பர் எழுதிக் கொடுத்துட்டா என்னப்பா? அவருக்கும் நாலு சலுகை வருமே.” அப்பா வெற்றிலையை மென்றபடி வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “அவன் நல்லவன்தான். அவன் மவன் எப்படின்னு எனக்குத் தெரியாதே.”

தஞ்சாவூர்ப் பக்கத்தில் இந்தப் பயத்துக்கு வயது அதிகம். 1955-ல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1969-ல் குத்தகை உரிமையைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது. உழுகிறவனை இஷ்டத்துக்கு இறக்கிவிடக் கூடாது என்று வந்த நல்ல சட்டங்கள். பதிவில் பேர் ஏறினவர்கள் பிழைத்தார்கள். நிலக்காரர்கள் கற்றுக்கொண்ட பாடம் வேறு: எழுதாதே, சொல்லாதே, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆளை மாற்று. உழுகிறவனைக் காப்பாற்றச் சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டத்துக்குப் பயந்து அவனைக் காகிதத்திலிருந்தே எடுத்துவிட்டோம். அப்பா அண்ணனை மாற்றவில்லை, அந்த மட்டும் யோக்கியம். எழுதியும் கொடுக்கவில்லை.

வழியே இல்லை என்று சொல்ல முடியாது. பக்கத்து ஆந்திராவில் 2019-ல் பயிர் சாகுபடியாளர் உரிமைச் சட்டம் என்று ஒன்று போட்டார்கள். 11 மாசத்துக்கு ஒரு ஒப்பந்தம், சாகுபடி செய்கிறவருக்கு ஒரு அட்டை. அதை வைத்துக் கடன், காப்பீடு, உதவி கேட்கலாம். நிலத்தில் உரிமை கேட்க முடியாது. அங்கேயும் நிலக்காரர் சம்மதம் வேண்டும், அங்கேயும் பல பேர் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார்கள். ஒடிசாவில் காலியா திட்டம் தொடங்கியபோது வாரத்துக்கு உழுகிறவரையும் நிலமற்றவரையும் சேர்த்தார்கள். குறை இருக்கலாம். ஆனால் “பட்டா இல்லாமலும் ஒருத்தன் விவசாயியாக இருக்க முடியும்” என்பதையாவது அந்த ஊர்ச் சர்க்கார் காகிதத்தில் ஒத்துக்கொண்டது. இங்கே அடையாள எண் கொடுக்க முகாம் போட்டு, மேஜை போட்டு, விவசாயி யார் என்று பட்டாவைக் கேட்கிறார்கள். பட்டா உழுமா? பட்டாவை நட்டுவாக்காலி கொட்டுமா? மார்கழிப் பனியில் மடை பார்க்கப் பட்டா எழுந்து போகுமா?

கேட்டால், “சார், எங்களுக்கு மேலேருந்து வர்ற ஃபார்மட் இதுதான்” என்கிறார்கள். அதுவும் நிஜம். ஃபார்மட்டில் பெயருக்கு ஒரு கட்டம், சர்வே எண்ணுக்கு ஒரு கட்டம், உட்பிரிவுக்கு ஒரு கட்டம். சேற்றுக்காலுக்குக் கட்டம் இல்லை.

நவம்பர் 19-ந் தேதி கோயம்புத்தூரில் வைத்துப் பிரதமர் 21-வது தவணையை விட்டார். 9 கோடிப் பேர், 18,000 கோடி. அன்று மதியம் அப்பாவின் போன் ‘டிங்’ என்றது. சாமியும் சுவாமியும் எப்படியோ ஒன்று சேர்ந்துவிட்டார்கள். விட்டுப்போன 20-வது தவணை வந்தபாடில்லை. அதற்குத் தனி மனுவாம்.

“என்னடா வந்திருக்கு, படி” என்றார் அப்பா. படித்தேன். 2000 ரூபாய் வரவு. மனுஷர் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். நிலம் திரும்பக் கிடைத்தது போல.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அண்ணன் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தார். மழை விட்ட நேரம். சம்பாப் பயிர் வெளுத்துக் கிடந்தது, மேலுரம் போட்டாக வேண்டும். அப்பா திண்ணையிலிருந்தே குரல் கொடுத்தார்.

“ஏய்! கவர்மெண்டு பணம் வந்துட்டுது. சாயங்காலம் வந்து 2000 வாங்கிக்க, யூரியா எடுத்துப் போட்டுடு.”

“சரிங்கய்யா!”

“அறுப்புல கழிச்சுக்குவோம்.”

“சரிங்கய்யா” என்றார் அண்ணன் மறுபடியும், மண்வெட்டியை ஓங்கியபடி.

விவசாயிக்கென்று டெல்லியிலிருந்து புறப்பட்ட பணம் விவசாயியிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. கடனாக.